மறைந்த ஜன்னல் எங்கே போகிறது?

கம்ப்யூட்டரின் அடியில் இருக்கும் ஒரு பட்டையின் கதை

வீட்டு ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், வெளிச்சம் வரும். கம்ப்யூட்டரிலும் ஜன்னல்கள் உண்டு. அவற்றைத் திறந்தால் வேலை நடக்கும். கடிதம் எழுத ஒரு ஜன்னல். கணக்குப் பார்க்க ஒரு ஜன்னல். படம் பார்க்க இன்னொரு ஜன்னல்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீட்டு ஜன்னல் வைத்த இடத்திலேயே இருக்கும். கம்ப்யூட்டர் ஜன்னல் அப்படி அல்ல. இப்போது கண்ணுக்கு எதிரே நிற்கும். அடுத்த நிமிஷம் காணாமல் போய்விடும்!

எங்கே போயிற்று? யார் எடுத்தார்கள்? செய்த வேலை என்ன ஆயிற்று?

கம்ப்யூட்டரைப் புதிதாகத் தொடுகிறவர்கள் எல்லோரையும் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது கலங்க வைக்கும். விடை மிகவும் சுலபம். திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதன் பெயர் 'டாஸ்க்பார்'. தமிழில் பணிப்பட்டி என்றும், பணிப்பட்டை என்றும் சொல்கிறார்கள்.

ஒரு சான்றிதழுக்கு எத்தனை ஜன்னல்!

ஸ்ரீவைகுண்டம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைநகரம். நெல்லும் வாழையும் விளையும் பூமி. சுற்று வட்டாரத்து ஜனங்கள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பட்டா என்று பல காரியங்களுக்காக இங்கே வருகிறார்கள்.

முன்பெல்லாம் இதற்குக் காகிதத்தில் மனு எழுத வேண்டும். இப்போது பெரும்பாலான மனுக்கள் கம்ப்யூட்டர் வழியாகவே போகின்றன. தமிழ்நாடு முழுவதும் இ-சேவை மையங்கள் இருக்கின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர்கள் வீட்டிலிருந்தும் மனுச் செய்யலாம்.

இந்தச் சான்றிதழ்களின் அருமை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே பேய்மழை கொட்டியது. தாமிரபரணியில் வெள்ளம் கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டியில் பத்திரமாக வைத்த காகிதங்களும் அத்தகைய வெள்ளத்துக்குத் தப்புவதில்லை. காகிதம் போனால் மறுபடியும் நகல் வாங்க வேண்டும். அதற்கும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார வேண்டும்.

ஒரு மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரியில் சேர வேண்டும். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் தேவை. மனுச் செய்ய உட்காருகிறாள்.

மனுப் படிவம் ஒரு ஜன்னலில் திறக்கிறது. ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் ஸ்கேன் செய்து வைத்த இடம் இன்னொரு ஜன்னல். போட்டோ பெரிதாக இருக்கிறது. அதைச் சுருக்க மூன்றாவது ஜன்னல். தகப்பனாரின் சம்பள விவரம் நாலாவது ஜன்னல். ஒரு சான்றிதழுக்கு நாலு ஜன்னல்!

பாதிப் படிவம் நிரப்பியாகிவிட்டது. போட்டோவைத் தேடி இன்னொரு ஜன்னலைத் திறக்கிறாள். அது திரை முழுவதும் விரிகிறது. படிவத்தைக் காணோம்!

இங்கேதான் தவறு நேருகிறது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று பதறிவிடுகிறார்கள். படிவத்தைப் புதிதாகத் திறந்து, முதலிலிருந்து நிரப்ப ஆரம்பிக்கிறார்கள். சிலர் கையில் அகப்பட்ட பொத்தானை எல்லாம் அழுத்துகிறார்கள். அப்போதுதான் உண்மையிலேயே படிவம் போய்விடுகிறது.

மாயமா, மந்திரமா?

உண்மையில் நடந்தது என்ன?

ஒரு மேஜையை நினைத்துக்கொள்ளுங்கள். மேஜைமேல் ஒரு காகிதம் இருக்கிறது. அதன்மேல் ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தை வைக்கிறோம். காகிதம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் காகிதம் இல்லை என்று சொல்லலாமா? புத்தகத்துக்கு அடியில் அது பத்திரமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான். ஒரு ஜன்னலின்மேல் இன்னொரு ஜன்னல் வந்து உட்காருகிறது. அடியில் இருப்பது மறைகிறது. மறைந்தது வேறு, மூடியது வேறு. மறைந்த ஜன்னலில் நீங்கள் எழுதியது எழுதியபடியே இருக்கும்.

மேஜையில் புத்தகத்தைத் தூக்கிப் பார்க்கலாம். திரையில் எதைத் தூக்குவது? அதற்குத்தான் அடியில் அந்தப் பட்டை. எத்தனை ஜன்னல் திறந்தாலும், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் அந்தப் பட்டையில் வந்து நிற்கும். அடையாளத்தை மவுஸால் ஒரு தடவை அழுத்தினால், மறைந்த ஜன்னல் மேலே வந்துவிடும்!

அணைக்கட்டு சொல்லும் பாடம்

இந்தப் பட்டையின் உபயோகத்தை ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஊரிலேயே அணைக்கட்டு இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில், 19-ம் நூற்றாண்டில் கட்டியது. தாமிரபரணியின் அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு இதுதான். ஒரு பக்கம் வடகால் பிரிகிறது. மறுபக்கம் தென்கால் பிரிகிறது. இரண்டு கால்வாய்களும் குளங்களுக்கும் வயல்களுக்கும் தண்ணீர் கொண்டு போகின்றன.

அணைக்கட்டில் மதகுகளும் ஷட்டர்களும் இருக்கின்றன. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்ற கணக்கு, அதைப் பார்த்துக்கொள்பவருக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். வடகாலில் தண்ணீர் ஓடுகிறதா என்று அறிய வயல் வயலாக அலைய முடியுமா? மதகைப் பார்த்தால் போதும்.

திரையின் அடியில் இருக்கும் பட்டையும் அதைப் போலத்தான். திறந்திருக்கும் வேலைகள் எத்தனை, இப்போது எந்த வேலை நடக்கிறது என்ற கணக்கு அங்கே இருக்கிறது. ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.

பட்டையில் வரிசையாகச் சிறு படங்கள் இருக்கும். சில படங்களுக்கு அடியில் சிறு கோடு தெரியும். கோடு இருந்தால் அந்த வேலை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கோடு இல்லாவிட்டால் அது வெறும் படம். வேலை இன்னும் திறக்கவில்லை. இப்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையின் படம் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருக்கும். ஏதாவது ஒரு படம் நிறம் மாறி மின்னினால், அந்த ஜன்னல் உங்களைக் கூப்பிடுகிறது. "பதில் சொல்லுங்கள்" என்று காத்திருக்கிறது.

மவுஸின் அம்பை ஒரு படத்தின்மேல் அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஜன்னல்கள் சின்னச் சின்னப் படங்களாகத் தெரியும். அதில் வேண்டியதைப் பார்த்து அழுத்தலாம்.

பட்டை பிறந்த கதை

இந்தப் பட்டை கம்ப்யூட்டரோடு கூடவே பிறந்தது அல்ல. ஜனங்கள் பட்ட கஷ்டத்தைப் பார்த்த பிறகு பிறந்தது!

ஆதியில் கம்ப்யூட்டர் திரையில் வெறும் எழுத்துகள்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1973-ம் ஆண்டில் ஆல்டோ என்ற கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். மவுஸ், படம் காட்டும் திரை, ஜன்னல் எல்லாம் அங்கே வளர்ந்தன.

மைக்ரோசாப்ட் கம்பெனி 1985-ம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் 'விண்டோஸ்' வெளியிட்டது. விண்டோஸ் என்றால் ஜன்னல்கள். அதில் ஒரு விசேஷம். ஒரு ஜன்னலின்மேல் இன்னொரு ஜன்னல் ஏறி உட்கார முடியாது. தரையில் பாவிய கல்லைப் போலப் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஆகவே எதுவும் மறையாது. ஆனால் ஜன்னல்கள் கூடக் கூட ஒவ்வொன்றும் சின்னதாகிவிடும். 1987-ம் ஆண்டில் வந்த இரண்டாவது விண்டோஸில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஆரம்பித்தன. இடம் கிடைத்தது. கூடவே குழப்பமும் வந்தது!

அந்தக் காலத்து விண்டோஸில் ஒரு ஜன்னலை ஒதுக்கி வைத்தால், அது சிறு படமாகித் திரையின் அடியில் போய் நிற்கும். ஆனால் பெரிய ஜன்னல் ஒன்று விரிந்தால் அந்தச் சிறு படமும் அதற்குள் மறைந்துவிடும். மறைந்ததைத் தேடிப் பிடிக்க வழிகள் இருந்தன. அவை பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

1990-களின் தொடக்கத்தில் அடுத்த விண்டோஸைத் தயாரித்தபோது, மைக்ரோசாப்ட் ஒரு நல்ல காரியம் செய்தது. கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. வேலை கொடுத்துவிட்டு, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தது.

கண்டது என்ன தெரியுமா? ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மாணவி பதறுவது போலவே அமெரிக்காவிலும் பதறினார்கள். ஒரு ஜன்னல் மறைந்தால், அது போய்விட்டது என்றே புதியவர்கள் நினைத்தார்கள். தவறு அவர்களுடையது அல்ல. அமைப்பினுடையது என்று தெரிந்தது.

அதன் பிறகுதான் எப்போதும் கண்ணில் படும்படி ஒரு பட்டை வைக்க முடிவாயிற்று. இந்த வேலையில் முக்கியப் பங்கு டேனியல் ஓரான் என்பவருக்கு உண்டு. மனித மனத்தின் போக்கைப் படித்தவர் அவர். பட்டையின் ஓரத்தில் ஒரு பொத்தானும் வைத்தார்கள். முதலில் அதற்கு 'சிஸ்டம்' என்று பெயர் போட்டார்கள். யாரும் அதைத் தொடவில்லை! பிறகு 'ஸ்டார்ட்', அதாவது 'ஆரம்பி' என்று மாற்றினார்கள். உடனே ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது.

1995-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி விண்டோஸ் 95 வெளிவந்தது. ஒன்றும் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால், பட்டையின்மேல் ஓர் அம்புக்குறி ஓடி வரும். 'தொடங்க இங்கே அழுத்துங்கள்' என்று ஸ்டார்ட் பொத்தானைக் காட்டும். புதியவர்களுக்காக அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள்!

இதற்கு முன்பே இப்படிப்பட்ட யோசனைகள் இருந்தன. இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனியின் கம்ப்யூட்டரில் 1987-ம் ஆண்டிலேயே அடியில் படங்களின் வரிசை ஒன்று இருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் நடத்திய நெக்ஸ்ட் கம்பெனியும் 1989-ம் ஆண்டில் திரையின் ஓரத்தில் ஒரு வரிசை வைத்தது. ஆனால் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் பட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது விண்டோஸ் 95 தான்.

பிறகு பட்டையும் வளர்ந்தது. 2001-ம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரே ஜாதி ஜன்னல்கள் ஒரு பொத்தானுக்குள் சேர்ந்துகொண்டன. 2009-ம் ஆண்டில் விண்டோஸ் 7 வந்தபோது, தினமும் வேண்டிய வேலைகளைப் பட்டையிலேயே நிரந்தரமாகக் குத்தி வைக்கும் வசதி வந்தது. 2021-ம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11-ல் படங்கள் இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டன.

பள்ளிப் பிள்ளைகளின் லேப்டாப்

தமிழ்நாட்டில் இந்தப் பட்டை பல ஏழை வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ மாணவிகளுக்கு லேப்டாப்புகள் கிடைத்தன. அரசாங்க நிறுவனமான எல்காட் அவற்றை வாங்கிக் கொடுத்தது.

அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற இன்னொரு அமைப்பும் இருந்தது. அது நம் நாட்டுச் சரக்கு! மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் உபயோகிக்கலாம். அதிலும் திறந்த ஜன்னல்களைக் காட்டும் பட்டை உண்டு.

ஆகவே எந்த அமைப்பாக இருந்தாலும் கவலை வேண்டாம். பட்டை இருக்கும் இடம் மாறலாம், அழகு மாறலாம். வேலை ஒன்றுதான்.

செல்போனிலும் இதே விஷயம் இருக்கிறது. அங்கே பட்டை இல்லை. பல போன்களில் அடியிலிருந்து விரலை மேலே தள்ளிப் பிடித்தால், சமீபத்தில் திறந்த வேலைகள் எல்லாம் சீட்டுக்கட்டு போல விரியும். அதைத் தினமும் செய்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் பட்டை ஒரு பெரிய காரியமே அல்ல.

மூன்று பொத்தான்கள்

ஒவ்வொரு ஜன்னலின் வலது மேல்மூலையிலும் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன.

முதல் பொத்தானில் சிறு கோடு. இதை அழுத்தினால் ஜன்னல் பட்டைக்குள் ஒதுங்கும். வேலை நிற்காது, எழுதியது அழியாது.

இரண்டாவது பொத்தானில் சதுரம். இதை அழுத்தினால் ஜன்னல் திரை முழுவதும் விரியும். மறுபடி அழுத்தினால் பழைய அளவுக்கு வரும்.

மூன்றாவது பொத்தானில் பெருக்கல் குறி. இதுதான் ஜன்னலை மூடுவது. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்! 'சேமிக்கட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால், படித்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். பாதி நிரப்பிய இணையதளப் படிவமாக இருந்தால், மூடியவுடன் எழுதியது போய்விடலாம். எல்லாப் படிவமும் எச்சரிக்கை கொடுக்காது.

புதியவர்கள் மாற்றிப் பிடிக்கும் பொத்தான்கள் முதலாவதும் மூன்றாவதும்தான். ஒதுக்குவதற்குக் கோடு, மூடுவதற்குப் பெருக்கல் குறி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

மவுஸ் இல்லாமலும் முடியும்

கீபோர்டில் ஆல்ட் என்ற கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டேப் என்ற கீயை ஒரு தடவை தட்டுங்கள். திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். மேலும் தட்டினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரும். வேண்டிய ஜன்னல் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அது முன்னால் வந்து நிற்கும்.

விண்டோஸ் கீயையும் 'டி' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் எல்லா ஜன்னல்களும் ஒதுங்கி, வெறும் திரை தெரியும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். விண்டோஸ் கீயோடு 1 என்ற எண்ணை அழுத்தினால் பட்டையில் முதல் படம் திறக்கும். 2 என்றால் இரண்டாவது படம்.

கண் பார்வை இல்லாதவர்களும் பட்டையை உபயோகிக்கிறார்கள். விண்டோஸ் கீயையும் ஆங்கில 'டீ' எழுத்தையும், அதாவது டாஸ்க்பாரின் முதல் எழுத்தையும், சேர்த்து அழுத்தினால் பட்டைக்குப் போகலாம். பிறகு அம்புக்குறி கீயால் நகர்ந்தால், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒவ்வொரு பெயராகச் சொல்லும். 2006-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'என்விடிஏ' என்பது அப்படிப்பட்ட மென்பொருள். அதை இலவசமாகவே வாங்கிக்கொள்ளலாம்.

பட்டையில் தெரியாத ஒன்று

ஒரு விஷயத்தில் மட்டும் பட்டையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இணையதளம் பார்க்கும் பிரவுசர் ஜன்னலுக்குள் பல பக்கங்களைத் திறக்கலாம். அவையும் 'டேப்' என்றே பெயர் பெற்றிருக்கின்றன. அவை அந்த ஜன்னலின் உச்சியில் வரிசையாக நிற்கும். அடியில் இருக்கும் பட்டையில் பிரவுசருக்கு ஒரே படம்தான் தெரியும். உள்ளே ஐந்து பக்கம் திறந்திருந்தாலும் அந்த ஒரே படம்தான்!

ஆகவே படிவத்தைக் காணவில்லை என்றால், முதலில் கீழே பாருங்கள். பிரவுசரைக் கண்டுபிடித்த பிறகு மேலே பாருங்கள். கீழே ஜன்னல், மேலே பக்கம். இரண்டு இடத்திலும் பார்த்த பிறகுதான் "காணோம்" என்று சொல்ல வேண்டும்.

பட்டையின் வலது ஓரத்தையும் கவனியுங்கள். மணியும் தேதியும் அங்கே இருக்கும். இணையத் தொடர்பு இருக்கிறதா என்பதற்கு ஒரு சிறு படம் இருக்கும். லேப்டாப்பாக இருந்தால் பேட்டரி அளவும் தெரியும். படிவத்தை அனுப்பும் முன்னும், பணம் கட்டும் முன்னும் இவற்றை ஒரு பார்வை பார்ப்பது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை அமைத்திருந்தால், இப்போது எந்த மொழியில் எழுத்து விழும் என்பதும் அங்கேயே தெரியும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் கீயைத் தட்டினால் மொழி மாறும். படிவத்தில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டியவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

திறந்து வைத்துப் போகலாமா?

வீட்டு ஜன்னலை மூடாமல் ஊருக்குப் போவார்களா? போகமாட்டார்கள். ஆனால் பொதுக் கம்ப்யூட்டரில் ஜன்னலை மூடாமல் எழுந்து போகிறவர்கள் உண்டு!

இதில் ஆபத்து இருக்கிறது. ஒதுக்கி வைத்த ஜன்னல் மூடிய ஜன்னல் அல்ல. திரை வெறுமையாகத் தெரியும். பார்க்கிறவர், எல்லாம் முடிந்தது என்று நினைப்பார். ஆனால் பட்டையில் கோடுகள் இருக்கும். அடுத்து வந்து உட்காருகிறவர் அதை அழுத்தினால், உங்கள் ஈமெயில் திறக்கும். உங்கள் ஆதார் அட்டை தெரியும். பாங்குக் கணக்கு திறந்திருந்தால் அதையும் பார்க்க நேரலாம்.

மறைந்த ஜன்னல் போய்விட்டது என்று நினைப்பது ஒரு தவறு. அதனால் செய்த வேலை வீணாகும். மறைந்த ஜன்னல் மூடிவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. அதனால் ரகசியம் வெளியாகும். இரண்டும் ஒரே அறியாமையிலிருந்து வருகின்றன. இரண்டுக்கும் மருந்து பட்டையைப் பார்ப்பதுதான்.

பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் செய்ய வேண்டியவை இவை:

முதலில், உள்ளே நுழைந்த ஒவ்வொரு கணக்கிலிருந்தும் 'லாக் அவுட்' செய்து வெளியே வாருங்கள். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. சில கணக்குகள் ஜன்னலை மூடிய பிறகும் திறந்தபடியே இருக்கும்.

இரண்டாவதாக, இறக்கி வைத்த ஆதார், சான்றிதழ் நகல்களை 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில் பார்த்து நீக்குங்கள். குப்பைத் தொட்டிப் படத்துக்குள் போயிருந்தால் அதையும் காலி செய்யுங்கள்.

மூன்றாவதாக, பட்டையைப் பாருங்கள். நீங்கள் திறந்த வேலை எதற்காவது கோடு இருக்கிறதா? இருந்தால் அந்தப் படத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். ஜன்னலை மூடும் கட்டளை அங்கே இருக்கும். ஒரே வேலையில் பல ஜன்னல்கள் இருந்தால், எல்லாவற்றையும் மூடும் கட்டளையும் இருக்கும்.

உங்கள் வேலையை வேறொருவர் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தாலும், "ஐயா, என் காகிதமெல்லாம் மூடியாச்சா?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். கேட்பதில் தவறில்லை. போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை, நீங்கள் மனுச் செய்யும் அந்த வேலைக்கு மட்டும் உபயோகியுங்கள். அதையே வேறு யாராவது போனில் கூப்பிட்டுக் கேட்டால் சொல்ல வேண்டாம்.

சொந்தக் கம்ப்யூட்டராக இருந்தால், சாப்பிட எழுந்து போகும்போது விண்டோஸ் கீயையும் 'எல்' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திரைக்குப் பூட்டுப் போட்டது போல ஆகும். ஜன்னல்கள் உள்ளே அப்படியே இருக்கும். பாஸ்வேர்டு வைத்திருந்தால், அது தெரிந்தவர்தான் திறக்க முடியும்.

அதிகம் திறந்தால் என்ன?

வசதி இருக்கிறது என்று முப்பது ஜன்னல் திறந்து வைப்பவர்களும் உண்டு. ஒதுங்கி நிற்கும் ஜன்னலும் சும்மா நிற்பதில்லை. கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியில் அதற்கும் ஒரு பங்கு வேண்டும். பழைய லேப்டாப்பில் ஜன்னல்கள் கூடினால், கம்ப்யூட்டர் ஆமை நடை நடக்கும்.

மின்சாரம் போனாலும் ஆபத்துதான். பேட்டரி இல்லாத கம்ப்யூட்டரில், சேமிக்காமல் திறந்து வைத்த வேலைகள் அந்த நொடியிலேயே அழிந்து போகலாம். ஆகவே முடிந்த வேலையை மூடுங்கள். முடியாத வேலையை அடிக்கடி சேமியுங்கள். அணைக்கட்டிலும் எல்லா மதகையும் எந்நேரமும் திறந்து வைப்பதில்லை. தண்ணீர் வேண்டிய கால்வாய்க்குத்தான் திறக்கிறார்கள்.

வீட்டில் சொல்லிக் கொடுங்கள்

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் ஆச்சியும் மவுஸைத் தொடப் பயப்படுகிறார்கள். "நான் தொட்டால் கெட்டுப் போகும்" என்பது அவர்கள் பயம்.

அவர்களை உட்கார வைத்து ஒரு சிறு பழக்கம் சொல்லிக் கொடுங்கள். மூன்று ஜன்னல்களைத் திறங்கள். ஒன்றால் மற்றொன்றை மறையுங்கள். பிறகு, "முதல் ஜன்னலைக் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்" என்று விடுங்கள். அவர்கள் கையே பட்டைக்குப் போகட்டும். நீங்கள் மவுஸைப் பிடுங்காதீர்கள்! நாலு தடவை செய்தால் பயம் போய்விடும். மறைந்தது திரும்பி வரும் என்ற நம்பிக்கை பிறக்கும்.

சான்றிதழ், உதவித்தொகை, பென்ஷன், பட்டா என்று ஏழை எளியவர்களின் காரியங்கள் இன்று கம்ப்யூட்டர் வழியாகப் போகின்றன. கடைசித் தேதிக்குள் மனுப் போகாவிட்டால், ஒரு பிள்ளையின் ஒரு வருஷப் படிப்பே தடைப்படலாம். அப்படிப்பட்ட மனு ஒரு ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நிற்கும்போது, அது போய்விட்டது என்று அழுதுகொண்டு எழுந்து போக வேண்டிய அவசியம் இல்லை.

திரையின் அடியில் ஒரு தடவை பாருங்கள். கோடு இருக்கிறதா? அப்படியானால் உங்கள் மனு அங்கேதான் இருக்கிறது. அழுத்துங்கள், வந்துவிடும்.